மழை பெய்தால் வேலை கிடையாது

இப்போது எனக்கு ஈப்போவில் ஐந்தாம் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை இருக்கிறது. கதவு இருப்பது தெரியாமல் இரண்டு முறை மூக்கை இடித்துக்கொண்டது வேறு விஷயம். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அண்ணே, தோட்டத்துல இருந்து எப்படிண்ணே இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்பார்கள். கடின உழைப்பு என்று சொல்லிவிடுவேன். முதல் வேலையை முதல் மூன்று மாதத்திலேயே தூங்கித் தொலைக்கப் பார்த்தவன் என்று சொன்னால் மரியாதை போய்விடும்.

கோலா கங்சார் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்தது நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் சீவினார். விடியும் முன்பே எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க, கங்காணி ஆள்கணக்கு எடுத்து வேலைக்கு அனுப்புவார். ஆனால் அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பெரட்டு கிடையாது. பட்டை நனைந்தால் பால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் இறங்காமல் மரம் முழுக்க வழிந்துவிடும். அன்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே மறுபடியும் போர்த்திக்கொண்டு படுக்கும். சம்பளம் போச்சே என்று அம்மா புலம்புவார். எனக்கோ, அம்மா பகலில் வீட்டில் இருக்கிற நாள் என்றால் அது மழை நாள்தான். கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டால் என் உடம்பு தானாகவே சுருண்டுகொள்ளும்.

தோட்டத்தை விற்று வீடுகள் கட்டினார்கள். நாங்கள் ஈப்போவில் சிலிபினுக்குக் குடிவந்தோம். நான் படித்து, எப்படியோ ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனைக் காலம், அதன் முடிவில் நேர்காணல், அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் நான். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வேலை போனால் நான் ஒருத்தன் மட்டும் அவமானப்பட முடியாது.

ஈப்போவில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அந்த மூன்று மாதமும் அப்படித்தான். நேர்காணல் நாள் பார்த்து, விடிகாலையில் கொட்டியது.

முதல் நாளே அம்மா என் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு மாட்டி வைத்திருந்தார். காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவர், மழைச் சத்தம் கேட்டதும் அணைத்தார். என் அறைக்கு வந்து விசிறியைக் குறைத்தார்.

"மழை பேயுதுடா. படுத்துக்கோ."

"ம்ம்," என்றேன்.

அவரும் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரு வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மூளை உண்டு. அன்று இரண்டுமே பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தன.

ஒன்பதரைக்குக் கைப்பேசி அடித்தது. பக்கத்து மேசை அக்கா.

"தம்பி, எங்க இருக்க?"

"வீட்லதான்க்கா."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன்க்கா. மழைலா."



"மழைன்னா?"

அந்த ஒரு கேள்வியில்தான் நான் முழுதாக விழித்தேன்.

"மேடம் உன்னைக் கேட்டாச்சு. டயர் பஞ்சர்னு சொல்லிட்டேன். அதையே சொல்லு. கெளம்பு," என்றார் அக்கா.

மோட்டார் சைக்கிளில் சொட்டச் சொட்டப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மேடம்தான் எங்கள் மேலாளர்; சீனப் பெண்மணி, ஐம்பது வயதுக்கு மேல். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. என் காலைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"எந்த டயர்?" என்று மலாயில் கேட்டார்.

அக்கா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"ரெண்டும், மேடம்."

"ரெண்டும் ஒரே நேரத்திலா?"

இதற்கு மேல் ஓட்ட என்னால் முடியவில்லை. பெரட்டு, நனைந்த பட்டை, அம்மா அடுப்பை அணைத்தது, நான் 'ம்ம்' சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"முப்பது வருஷமா லேட்டுக்குக் காரணம் கேட்டுக்கிட்டு இருக்கேன். இவ்ளோ மட்டமான காரணத்தை யாரும் கற்பனையா சொல்ல மாட்டாங்க. அதனால இது நெசந்தான். ஆனா வேலையைக் கொடுக்க முடியாது. இன்னும் ஒரு மாசம் சோதனை."

"தேங்க் யூ, மேடம்."

"அடுத்த மாசம் நவம்பர்," என்றார். "நல்லா மழை பேயும்."

பெய்தது. அந்த வருடத்து மழைக்கு என் மேல் தனி அக்கறை. முதல் துளி தகரத்தில் விழுந்ததுமே அம்மா என் போர்வையை உருவிவிடுவார். "எழும்புடா, மழை வந்துருச்சு. வேலைக்குப் போ." பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுக் குழம்பினார்கள். வெயில் நாளில் எட்டு மணிக்குப் போவேன், மழை நாளில் ஏழுக்கே நிற்பேன். காவலாளி அண்ணன் கேட்டைத் திறக்கும்போது, "மழைன்னா ஒனக்கு ஏன்யா இப்படி வெறி புடிக்குது?" என்பார். மழைக்கோட்டுக்குள் நின்று பல்லைக் காட்டுவேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

முடிவு சொல்ல வேண்டிய காலையிலும் வானம் கிழிந்தது. ஏழு மணிக்கெல்லாம் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு ஆனது, ஒன்பது ஆனது, மேடத்தின் அறை இருட்டாகவே இருந்தது. ஒன்பதேகாலுக்கு என் மேசைத் தொலைபேசி அடித்தது.

"நான்தான். எங்க ரோட்டுல முட்டி வரைக்கும் தண்ணி. இன்னிக்கி வர முடியாது," என்றார் மேடம். "ஒன் லெட்டர்ல நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன். என் மேசையில இருக்கு, எடுத்துக்கோ."

எடுத்துப் படித்தேன். வேலை நிரந்தரம். கசங்காமல் இருக்க, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அம்மாவுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அழுதார், பிறகு சாமிக்கு நன்றி சொன்னார். அதன்பிறகு, மேடத்துக்கும் போய் ஒரு கும்பிடு போடு என்றார்.

"அவங்க இன்னிக்கி வரலம்மா. மழையாம், வீட்லயே இருக்காங்க."

அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"எந்தத் தோட்டமாம் அவங்க?"