இருபத்தைந்தாவது சுற்று

அந்தத் தாளில் இருபத்தைந்து கட்டங்கள் இருந்தன. முதல் நாள் மாலையே அடிமட்டம் வைத்து நீல மையால் நான் கீறியவை. ஓட்டக்காரர் ஒருமுறை சுற்றி வந்து சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டும்போது ஒரு கட்டத்தில் ஒரு சாய்ந்த கோடு போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. காற்றில் பறக்காமல் இருக்கத் தாளைத் தடித்த அட்டையோடு சேர்த்துக் கவ்வி போட்டு மடியில் வைத்திருந்தேன். ஒன்று முறிந்தால் மற்றது இருக்கட்டும் என்று இரண்டு பென்சில் கொண்டுபோயிருந்தேன். இவ்வளவு ஆயத்தம் செய்தவனுக்குத்தான் அது நடந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாகாண விளையாட்டு விழா அந்த முறை யாழ்ப்பாணத்தில் நடந்தது. கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் முடிந்து, கடைசி இரண்டு நாள்கள் ஓட்டமும் பாய்தலுமான மெய்வல்லுநர் போட்டிகள். நடுவர்களுக்கு ஆள் போதாமல் பாடசாலைகளில் இருந்து ஆசிரியர்களைப் பிடித்தார்கள். கணக்குப் படிப்பிக்கிறவன் என்பதால் என்னைப் பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்துக்குச் சுற்று எண்ணப் போட்டார்கள். ஓடுவது எட்டுப் பேர், எண்ணுவதும் எட்டுப் பேர், ஆளுக்கு ஒருவர். சீட்டுக் குலுக்கிப் பார்த்தபோது எனக்கு விழுந்தது அத்தானின் இலக்கம்.

அத்தான் என் அக்காவின் கணவர். இணுவிலில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரர். விடியற்காலையில் தண்ணீர் இறைக்கத் தொடங்குமுன் செம்மண் ஒழுங்கைகளில் ஆறு, ஏழு மைல் ஓடிவிட்டு வருவார். காலில் சப்பாத்துக் கிடையாது. ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கியதே இல்லை. அதிகம் கதைக்கிற மனிதரும் அல்ல. அந்த வருடம் அவருக்கு முப்பத்தொரு வயது. அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. கொழும்பில் இருந்து அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் விளையாட்டு அதிகாரி வந்திருந்தார். நெடுந்தூர ஓட்டத்தில் முதலாவதாக வருபவரைத் தங்கள் அணிக்கு எடுத்து நிரந்தர வேலையும் கொடுப்பதாக அவர் சொல்லியிருந்தார். முந்திய இரண்டு வருடமும் மழையில் வெங்காயம் அழுகிப்போயிருந்தது. அக்கா கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக மைதானத்துக்கு வந்து தென்னங்கிடுகுப் பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தார்.

ஓடுகிறவர் என் அத்தான் என்று தலைமை நடுவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு பாடசாலை அதிபர். "அதுக்கென்ன மாஸ்ரர், உம்மை நம்பாமல் ஆரை நம்புறது?" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். பக்கத்துக் கதிரையில் ஒரு சித்திர ஆசிரியர் இருந்தார். குருநகரில் இருந்து வந்திருந்த ஒல்லியான பையனுக்கு அவர் சுற்று எண்ணினார். அந்தப் பையன் கடற்றொழில் செய்கிற குடும்பம், வயது இருபதுதான் இருக்கும் என்று அவரே சொன்னார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஓட்டம் தொடங்கியது. வெயில் இன்னும் இறங்கவில்லை. முதல் எட்டுச் சுற்றும் எல்லோரும் கூட்டமாகவே ஓடினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பிந்தத் தொடங்க, அத்தானும் குருநகர்ப் பையனும் முன்னுக்குத் தனியாகப் போய்விட்டார்கள். அத்தான் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்த்தேன். கால் கோட்டில் விழுந்ததும் கையும் தாளில் விழ வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.

பதின்மூன்றாவது சுற்றிலோ பதினான்காவதிலோ மைதானத்துக்குள் ஒரு மாடு வந்துவிட்டது. அறுத்துக்கொண்டு வந்த கயிறு கழுத்தில் இழுபட, சனம் கத்தக் கத்த அது மிரண்டு ஓட்டப் பாதையின் குறுக்கே பாய்ந்தது. அத்தான் அப்போது எங்களுக்கு நேரே வந்துகொண்டிருந்தார். மாடு அவர்மேல் மோதுகிற மாதிரிப் போனது. நான் எழும்பி நின்றேன். பந்தலில் இருந்து அக்காவின் குரல் கேட்டது. அத்தான் உள்பக்கமாக விலகி, ஒரு கையால் மாட்டின் முதுகைத் தள்ளிவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போனார். நான் திரும்ப உட்கார்ந்து தாளில் ஒரு கோடு போட்டேன். போட்டபின் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அதற்கு முந்திய கோடு மற்றவற்றைவிடச் சாய்ந்து, கட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நின்றுகொண்டு போட்டது போல.

நிற்கும்போதும் போட்டேனா?

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மிச்ச ஓட்டம் முழுவதும் இருந்தேன். சித்திர ஆசிரியரின் தாளை எட்டிப் பார்க்கலாம் என்றால், அவர் அதை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். கேட்கலாம். கேட்டால் கணித ஆசிரியருக்குக் கணக்குத் தவறிவிட்டது என்று தெரிந்துவிடும். அடுத்த சுற்றில் கேட்போம், அடுத்த சுற்றில் கேட்போம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அத்தான் முப்பது மீற்றர் முன்னால் வந்துவிட்டார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. என் தாளில் இருபத்து நான்காவது கோடு விழுந்ததும் தலைமை நடுவர் என்னைப் பார்த்தார். முன்னுக்கு ஓடுபவரின் தாளைப் பார்த்துத்தான் கடைசிச் சுற்று மணி அடிப்பார்கள். நான் தலையை ஆட்டினேன். மணி அடித்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ, எனக்கு இருபத்து மூண்டுதான்!" என்று சித்திர ஆசிரியர் கதிரையை விட்டு எழும்பினார். சத்தத்தில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அத்தான் அந்தச் சுற்றைப் பறந்த மாதிரி ஓடினார். நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு நாலைந்து அடி தள்ளிப் போய், முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றார். யாரோ அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். நேரம் பார்த்தவர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, "புதுச் சாதனை!" என்று கத்தி நேரத்தைச் சொன்னார். அதைக் கேட்டதும் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அத்தானின் மிகச் சிறந்த நேரத்தைவிட அது ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் குறைவு. ஒரு சுற்று ஓட எடுக்கும் நேரம் அது. இனிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

அதற்குள் குருநகர்ப் பையனும் கோட்டுக்கு வந்துவிட்டான். "நிக்காதை தம்பி, ஓடு! இன்னும் ஒரு சுற்றுக் கிடக்கு!" என்று சித்திர ஆசிரியர் கையை வீசினார். பையன் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தொடர்ந்து ஓடினான்.

தலைமை நடுவர் என்னிடம் ஓடிவந்தார். "மாஸ்ரர், உம்மடை தாள் என்ன சொல்லுது?"

"இருபத்தஞ்சு."

"சரியான எண்ணிக்கைதானே?"

நான் தாளைக் குனிந்து பார்த்தேன். அந்த ஒரு கோட்டைத் தவிர என் தாள் கோணல் மாணல் இல்லாமல் இருந்தது. சித்திர ஆசிரியரின் தாளில் வியர்வை பட்டு மை கரைந்திருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் என்னைத்தான் நம்புவார்கள். பந்தலில் அக்கா வயிற்றில் கை வைத்தபடி நின்று அழுதுகொண்டே சிரித்தார். விளையாட்டு அதிகாரி சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்துவிட்டார். அந்தப் பையனோ ஓடிக்கொண்டே இருந்தான். நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு வினாடியும் அவன் அத்தானை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தான். சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும். பிந்திச் சொன்னால் அதுவும் அநியாயம். இதெல்லாம் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்தும் நின்றேன். குனிந்து நின்ற அத்தான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணில் இருந்தது என்ன என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

"உந்தப் பெடியனை மறியுங்கோ, ஓட்டம் முடிஞ்சுது," என்று தலைமை நடுவர் உதவியாளர் ஒருவரிடம் சொன்னார்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "மறியாதேங்கோ சேர். நான் ஒண்டு கூடப் போட்டிட்டன். அத்தான், ஓடுங்கோ. இன்னும் ஒரு சுற்று!"

பன்னிரண்டு வினாடியோ பதினைந்து வினாடியோ போயிருக்கும். பையன் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான். அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்தார், ஓடினார். எல்லாவற்றையும் செலவழித்து முடித்துவிட்ட மனிதர் மறுபடியும் அப்படி ஓடியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் பாதித் தூரத்தைப் பிடித்துவிட்டார். கடைசி வளைவில் பையன் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தான். சனம் முழுவதும் அத்தானின் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஏழெட்டு அடி. அந்த ஏழெட்டு அடியால் அவர் இரண்டாவதாக வந்தார்.

அந்த அடிகளை நான் எத்தனையோ தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். மூன்று வினாடி முன்னதாக நான் வாய் திறந்திருந்தால் அவர் வென்றிருப்பார்.

இணுவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் இருக்கவில்லை. முன் ஆசனத்தில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். இறங்கி ஒழுங்கையால் நடக்கும்போது மட்டும் திரும்பி நின்று, "உன்னை ஆர் கேட்டது?" என்றார். "நடுவர் கேட்டவர் அக்கா" என்றேன். "கேட்டால்? உன்ரை தாளிலை இருபத்தஞ்சு கிடந்ததுதானே. கிடந்ததைச் சொல்லிப்போட்டு இருந்திருக்கலாம்." அத்தான் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எங்கள் அதிபர் என்னை மேடைக்கு அழைத்தார். சொந்தம் என்றும் பாராமல் உண்மையைச் சொன்னவர் என்று பிள்ளைகளுக்கு என்னைக் காட்டினார். அறுநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் நின்ற அந்தப் பன்னிரண்டு வினாடியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு இரண்டு மாதம் அக்கா வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அத்தான் ஓட்டத்தை விட்டுவிட்டார் என்று அம்மா சொன்னார். விடியற்காலையில் எழும்புகிறார், தோட்டத்துக்குப் போகிறார், அவ்வளவுதான் என்றார். நானே அவரை முடித்துவிட்டேன் என்ற எண்ணம் வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும்போதும் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பொறுக்க முடியாமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். அத்தான் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். இறைக்கும் யந்திரம் இரைந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டும் வேலையை நிறுத்தவில்லை. வரம்பில் நின்றபடி, மாடு வந்ததில் இருந்து நான் வாய் திறக்காமல் நின்றது வரை எல்லாவற்றையும் சொன்னேன். "மூண்டு வினாடி அத்தான். நான் உடனை சொல்லியிருந்தால் நீங்கள்தான் முதலாவது."

அவர் மண்வெட்டியால் ஒரு பாத்தியின் வாயை அடைத்து, அடுத்ததைத் திறந்துவிட்டார். தண்ணீர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"நான் எப்பிடிச் சுற்று எண்ணுறனான் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"ஒரு சுற்றுக்கு ஒரு பாத்தி. ஓடேக்கை மனசுக்குள்ளை தண்ணி கட்டிக்கொண்டு போவன். இருபத்தஞ்சு பாத்தி. உங்கடை மணி அடிக்கேக்கை எனக்கு இன்னும் ரண்டு பாத்தி கிடந்தது."

அவர் வாய்க்காலில் கிடந்த புல்லை வாரி வெளியே போட்டார்.

"மணி அடிச்சவுடனை திகைச்சுப் போனன். பிறகு யோசிச்சன், அடிச்சது அவையள், பிழை என்ரை இல்லை எண்டு. நாடாவை அறுத்துப்போட்டு நிண்டன். ஒரு பாத்தி காய்ஞ்சு கிடக்கு எண்டு தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான். உன்னை ஏன் பாத்தனான் தெரியுமோ? நீ சொல்லிப்போடுவியோ எண்ட பயத்திலை பாத்தனான்." மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டினார். "நீ பன்னிரண்டு வினாடி நிண்டாய் எண்டு அழுறாய். நீ சொல்லாட்டி நான் சாகுமட்டும் சொல்லியிருக்க மாட்டன் தம்பி."

அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "உன்ரை அக்காவுக்கு இதைச் சொல்லாதை. அவ என்னை நல்லவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா."

சொல்லவில்லை. அந்த மார்கழியில் ஆண் பிள்ளை பிறந்தது. அத்தான் தோட்டக்காரராகவே வாழ்ந்தார். பிறகு வந்த காலத்தில் எங்கள் எல்லோருக்கும் அதைவிடப் பெரிய இழப்புகள் வந்தன, அந்த ஓட்டத்தைப் பற்றிக் கதைக்கவே நேரமில்லாத வருடங்கள் வந்தன. ஆனால் அக்கா மட்டும் மறக்கவில்லை. என்னோடு சிரித்தார், சமைத்துப் போட்டார், நோய் வந்தபோது வந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்னக் கசப்பு இருந்துகொண்டே இருந்தது. அத்தான் இருக்கும்வரை, அந்தக் கதை எழும்பும்போதெல்லாம் அவர் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். தோற்ற கவலை என்று அக்கா நினைத்தார்.

இப்போது இருவரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், அத்தானின் ஆண்டுத் திவசத்தன்று, வெளிநாட்டில் இருந்து வந்திருந்த பேரப்பிள்ளை ஒருத்தி, தாத்தா ஏன் கொழும்புக்கு ஓடப் போகவில்லை என்று அக்காவிடம் கேட்டாள். எண்பதை நெருங்கிய அக்கா, சாப்பாட்டுக்குப் பின் பாயில் சாய்ந்திருந்தவர், எழும்பி உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். மாட்டைச் சொன்னார், மணியைச் சொன்னார், ஏழெட்டு அடியைச் சொன்னார். "உன்ரை தாத்தா வெண்டிட்டுத்தான் நிண்டவர். இந்தா இருக்கிறாரே, இவர்தான் பிழையாய் எண்ணிப்போட்டு எல்லாத்தையும் கெடுத்தவர்," என்று என்னைக் காட்டினார். அவருடைய குரலில் அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பெருமை இருந்தது. அது தன் கணவரைப் பற்றியது. பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "நான்தான் பிழையாய் எண்ணினனான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.