மூன்று மணி வைத்த தோடு

மகளுக்குக் காது குத்த நான்கு நாள் இருந்தபோதுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்ட, பழைய ரோமப் பெண்களின் தங்க நகைகளைப் போனில் தேடிக்கொண்டிருந்தேன். பாம்பு வளையல்கள், முத்துக் கோத்த சங்கிலிகள், பைசாந்தியச் சீமாட்டிகளின் பிறைத் தொங்கட்டான்களில் எதிரெதிரே நிற்கும் மயில்கள். நடுவே நகக்கண் அளவில் ஒரு தங்க வளையம், அடியில் மூன்று மணி. ரோமச் சிறுமி ஒருத்தியின் கல்லறையில் கிடைத்தது என்று எழுதியிருந்தது.

அதே மாதிரி ஒரு சோடி எங்கள் அலுமாரியில் இருந்தது. காதுகுத்துக்குப் போடச் சொல்லி என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், கொடுத்தது.

ரோமர்கள் பிள்ளையை நகையோடு புதைத்திருக்கிறார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தங்கம் மண்ணுக்குள் போவதில்லை. கடைசியாகக் குளிப்பாட்டும்போதே கழற்றிவிடுவார்கள். கழற்றியது எங்கே போகும்? அண்ணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். எத்தனை மாதத்தில் என்று யாரும் சொன்னதில்லை. தோட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கொக்கி தளர்ந்திருந்தது. போடாத நகை அப்படி இருக்குமா?

கணவரிடம் கேட்டேன். "அக்கா மனசு நோகும், விடு," என்றார். சந்தேகம் கூடிற்று.

மறுநாள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அண்ணி வந்தபோது கேட்டேவிட்டேன். "அண்ணி, இந்தத் தோடு முந்தி யாருங்க போட்டா?"

"ஏன், மகாராணி போட்டதுன்னாத்தான் டீச்சர் வீட்டுப் புள்ள போடுமா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கறை படிந்த விரலால் கொக்கியைத் தடவினார்.

"யாரும் போடல. எம் புள்ளைக்கு வாங்குனது. காது குத்த முந்தியே போயிட்டா. நாந்தான் எடுத்து எடுத்துத் தொறந்து பாப்பேன். பயமா இருந்தா குடு, கொண்டுட்டுப் போறேன்."

"இல்லங்க அண்ணி, போடுறேன்," என்றேன். என் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொன்னாரோ என்று அப்போதும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை கோயிலில், என் தம்பி மடியில் வைத்துக் குத்தினார்கள். தோடு மாட்டியதும் அண்ணி கிட்டே வந்து, இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார்.

சனிக்கிழமை பிள்ளைக்கு மேல் சுட்டது. குத்தின நோவுதான் என்று டிஸ்பென்சரியில் மருந்து தந்தார்கள். வீட்டுக்கு வந்து தோட்டைக் கழற்றக் கை போனபோது, வாசலில் அண்ணி, பிள்ளையை வாங்கக் கை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்தேன். பிள்ளையின் நெற்றியிலிருந்து மட்டும் என் கையை எடுக்கவில்லை.