ஜிகினா ஒட்டிய பாட்டில்

தென்காசியில் எங்கள் தெருப் பெண்களுக்கு பிளாஸ்டிக் பாட்டிலில் பூச்சாடி செய்யக் கற்றுக்கொடுத்தேன். குற்றால சீசனுக்கு வந்த விருந்தாளிகள் குடித்துப் போட்ட பாட்டில்களுக்கெல்லாம் பெயிண்ட் அடித்து, ஜிகினா ஒட்டினோம். குப்பையையே ஒழித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

இரண்டே மாதத்தில், குப்பை அள்ள வரும் செல்வியின் வண்டியில் அந்தச் சாடிகள் குவிந்து கிடந்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாரு இதத் தூக்கிப் போட்டா? நீயாவது எடுத்து வைக்கக் கூடாதா?" என்று தெருவே பார்க்கக் கத்தினேன்.

செல்வி வண்டியை நிறுத்தினாள். "என்கிட்ட எதுக்கு டீச்சர் சத்தம் போடுதிய? தூசி அடையுதுன்னு அவியளேதான் போட்டாவ. வெறும் பாட்டில்னா பழைய இரும்புக் கடையில எடுத்துக்கிட்டு எனக்கு நாலு காசு குடுப்பான். பெயிண்டும் பசையுமா இருக்கத ஒருத்தனும் தொட மாட்டுக்கான். இனி இது குப்பைக் கிடங்குலதான் கெடக்கணும்."

குப்பையை ஒழிக்கவில்லை. அதைச் சிங்காரித்துச் சாகாவரம் கொடுத்திருக்கிறேன். செல்வியின் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிட்டு, அவளையே திட்டவும் செய்திருக்கிறேன்.

இப்போதும் தெருப் பெண்கள் "அடுத்த கிளாஸ் எப்போ டீச்சர்?" என்று கேட்கிறார்கள். "பாட்டிலக் கழுவி அப்படியே செல்வி கையில குடுங்க, அதுதான் கிளாஸ்" என்று வெடுக்கென்று சொல்லிவிடுகிறேன்.

கோபம் அவர்கள் மேல் இல்லை.