எந்த ஊரு என்று கேட்டது நான்தான்

நான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் முப்பத்தாறு அழைப்புமணிப் பொத்தான்கள் இருக்கின்றன. எதன் பக்கத்திலும் பெயர் கிடையாது, எண் மட்டும். போலந்துக்கு வந்த முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தில் மொத்தப் பேரும் ஏதோ வழக்கில் தலைமறைவாக இருக்கிறார்களோ என்று நினைத்தேன். எங்கள் குடுமியான்மலையில் கூரியர்காரர் கதவு எண்ணைத் தேடி அலைவதில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தி அப்பா பெயரைச் சொன்னால் போதும். வீட்டைக் காட்டுவார்கள், வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பார்கள், பார்சலில் என்ன இருக்கும் என்றுகூடச் சொல்லி அனுப்புவார்கள். இங்கே நான் பதினேழு. அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு இங்கே ஒரு கிடங்கில் பார்சல் ஸ்கேன் செய்கிறேன். இதில் என் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. இடைவேளைகளில் இன்னொரு வேலையும் பார்க்கிறேன். ஐரோப்பாவுக்குக் கூலி வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட தமிழ் ஆட்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஓர் இணைய மன்றம் இருக்கிறது. அதில் புதிதாகச் சேருபவர்களுக்கு எதை எங்கே அழுத்துவது என்று சொல்லித்தருவது என் பொறுப்பு. லேசான விஷயம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஒருவர் தன் கேள்வியைப் புகார்ப் பெட்டியில் எழுதி, அது புகாராகவே என்னிடம் வரும். இன்னொருவர் யாரோ இறந்துபோன செய்திக்குக் கீழே ‘மிக்க நன்றி, பயனுள்ள தகவல்’ என்று போடுவார். வெறுத்துப்போய்ப் படங்களோடு ஒரு கையேடு தயாரித்தேன். அழுத்த வேண்டிய இடத்தையெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தேன். மறுநாளே ஒரு செய்தி: “அக்கா, செவப்பு வட்டத்த அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆகமாட்டேங்குது.” படத்தையே அழுத்தியிருக்கிறார் மகராசன்.

கிடங்கில் என் குழுத்தலைவி மார்த்தா. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளிடம் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டேன். எங்கள் பக்கம் அது வணக்கம் சொல்வது மாதிரி. அவள் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு, “இதெல்லாம் எதற்கு வேண்டும்?” என்றாள். மன்றத்தில் நான் தட்டச்சு செய்வதைப் பார்த்து, இரண்டாவது வேலையா என்று ஒருநாள் விசாரித்தாள். சம்பளமில்லை, சும்மா உதவி என்றேன். “அப்படியானால் ஏன் இவ்வளவு கோபமாகத் தட்டுகிறாய்?” என்றாள்.

மூன்று மாதங்களுக்கு முன்னால் மன்றத்தில் ஓர் அண்ணன் சேர்ந்தார். கையேட்டின் முதல் விதி, தடித்த எழுத்தில் நான் எழுதியது: உங்கள் பெயரையும் ஊரையும் எங்கேயும் போடாதீர்கள். வேறு என்ன பெயர் வைப்பது என்று தனிமடலில் கேட்டார். எதையாவது வையுங்கள் என்றேன்.

“அப்ப காளான்னு வச்சுக்கிறேன் தங்கச்சி. நாள் பூரா அதத்தானே பறிக்கிறேன்.”

அவர் இருந்தது ஒரு காளான் பண்ணையில். கொண்டுவந்த ஏஜென்ட் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தரவில்லை. ஒன்றரை மாதத்தில் அவருடைய வசிப்பிட அட்டை முடிகிறது. பாஸ்போர்ட் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. அதை வாங்க என்ன வழி என்பதுதான் அவருடைய கேள்வி. எழுதினார், பொதுப் பக்கத்தில், நான் சொல்லித்தந்தபடியே. நல்ல பதில்களும் வந்தன. எங்கே மனு கொடுப்பது, கூட யார் வருவார்கள் என்பதுவரை ஒருவர் விளக்கியிருந்தார். காரியம் நடந்திருக்கும்.

அதற்கு நன்றி சொன்ன இடத்தில், “இங்கிட்டு எனக்கு யாரையும் தெரியாதுங்க” என்று எழுதியிருந்தார். அந்த ‘இங்கிட்டு’தான், எங்கள் பக்கத்துப் பேச்சு. ஒன்றரை வருடமாக வெறும் பதினேழாம் எண்ணாக இருந்தவளுக்கு அது போதுமாக இருந்தது. விதி எழுதிய கையால் அதே பொதுப் பக்கத்தில் தட்டினேன்:

“அண்ணே, புதுக்கோட்டைப் பக்கமா? எந்த ஊரு?”

“அரிமளம் தங்கச்சி.”

“ஐயோ, எங்க பெரியம்மாவ அரிமளத்துலதான் குடுத்துருக்கு! எந்தத் தெரு? யாரு வீடு?”

சொன்னார். தெருவைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், ரேஷன் கடைக்கு எதிர்த்த வீடு என்றார், மனைவி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்றும் சொன்னார். நான் வரிசையாக இதயங்கள் போட்டேன். அன்று முழுவதும் ஸ்கேனரைக்கூட உற்சாகமாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஏஜென்டும் எங்கள் மாவட்டத்துக்காரன்தான். அவன் ஆட்கள் மன்றத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாலாம் நாள் அரிமளத்தில் அந்த வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. வந்த இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. அண்ணன் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “வீட்டுக்காரரு நெட்டுல என்னமோ எழுதுறாராம்ல? சொல்லி வைங்கக்கா. அங்கிட்டு அவரு தனியா இருக்காரு பாருங்க” என்று சொல்லிவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் வழி கேட்டிருக்க வேண்டியதில்லை. வழியைத்தான் நான் கேட்டு வாங்கித் தந்திருந்தேனே.

நடந்ததையெல்லாம் சொல்லி அண்ணனிடமிருந்து தனிமடல் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி.

“தங்கச்சி, கணக்க அழிக்கிறது எங்கிட்டு இருக்கு?”

அழிக்க வேண்டாம், மனு கொடுப்போம், நானே லீவு போட்டுக் கூட வருகிறேன் என்று பக்கம் பக்கமாகத் தட்டினேன்.

“வேணாம் தங்கச்சி. அவ பயந்துபோய்க் கெடக்கா. எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

“நான் கேட்டுருக்கக் கூடாதுண்ணே.”

“அட, நம்ம பக்கத்துப் புள்ள ஊரக் கேக்குது. சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். சரியான இடத்தில் அழுத்தினார். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே, இரண்டாவது கேள்வி வராத ஒரே பாடம் அதுதான்.

மறுநாள் இடைவேளையில் மார்த்தாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை போலிஷ் மொழியில் கதையைச் சொன்னேன். நான் கேட்டது தவறுதானே என்று கேட்டேன். கேட்டால் என்ன, கேள்விதானே என்று தோளைக் குலுக்கினாள். அவளுக்குப் புரியாதது வேறொன்று.

“ஆனால் அவர் ஏன் பதில் சொன்னார்? சொல்ல வேண்டியதில்லையே?”

நாலைந்து வாக்கியம் முயன்றேன். ஊரைக் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது மாதிரி என்று சொல்லவந்தேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்த போலிஷுக்கு, அவருக்கு முகத்தில் ஏதோ நோய் என்று அவள் அர்த்தம் எடுத்துக்கொண்டாள். பாவம் என்றாள்.

அண்ணனுடைய அட்டை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவர் இங்கே அட்டையில்லாமல் எங்கேயாவது ஒளிந்திருக்கிறாரா, ஊருக்கு அனுப்பப்பட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு ஒரு போன் போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். யார் விசாரித்தது, எதற்கு விசாரித்தது என்று அந்தத் தெருவுக்கும் தெரிந்துவிடும். போனை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். மன்றத்தில் அவருடைய ஊரும் தெருவும் அப்பா பெயரும் இருந்த வரிகளை நீக்கிவிட்டேன். மிச்சம் இருப்பவை என் கேள்விகள் மட்டும். எந்த ஊரு? எந்தத் தெரு? யாரு வீடு? ஒவ்வொன்றுக்கும் கீழே ‘உறுப்பினர் விலகிவிட்டார்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. என் கேள்விகளையும் நீக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன்.

இன்றைக்கு விடுமுறை. காலையில் ஒரு புதுப் பெண் சேர்ந்திருக்கிறாள். தன் படத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டாள், சொல்லித்தந்தேன். தனிமடலை எப்படிப் பூட்டுவது என்று கேட்டாள், சொல்லித்தந்தேன். பிறகு, எல்லாரும் பார்க்கும் பக்கத்தில், சிரிக்கும் முகம் ஒன்று போட்டு, “அக்கா, நீங்க பேசுறது எங்க ஊருப் பேச்சா இருக்கே. நீங்க எந்த ஊரு?” என்று கேட்டிருக்கிறாள்.

அவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? பதில் பெட்டியில் குடுமியான்மலையின் ‘குடு’ என்பதுவரை தட்டியிருக்கிறேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. மணி அடிக்கிறது. கீழே வாசலில் யாரோ பதினேழை அழுத்துகிறார்கள்.