சுவரில் மூன்று தட்டு

2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். அன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. வாசல் தெளித்து, சோறு கட்டிக்கொண்டு, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தேன். மாலை ஆறரைக்குத் திரும்பியபோது கடைசி வீட்டு அக்கா என் வாசலில் நின்றிருந்தார்.

"ஷூவ எண்ணி எண்ணி எங்கள மறந்துட்டியா? நாலஞ்சு தடவையா தண்ணி வந்ததே தெரியல. மாவாட்டத் தண்ணியில்லாம இட்லி யாவாரமே பேஜாராப் போச்சு. இந்த வாரத்தோட மூடிட்டு ஆம்பூர்ல மவன் வீட்டுக்குப் போய்டறேன்."

சுருக்கென்றது. தண்ணீர் வந்ததும் சுவரில் தட்ட நான் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எங்கள் சந்தில் ஒட்டிய சுவர்களோடு ஆறு வீடுகள். தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரிகள் குடியிருந்த காலத்து வழக்கம் ஒன்று இன்னும் உண்டு. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். விடியற்காலை மூன்றரைக்கும் வரும், ஐந்தரைக்கும் வரும், வருவது அரைமணி நேரம்தான். முதலில் பார்ப்பவர் பக்கத்துச் சுவரில் மூன்று முறை தட்ட வேண்டும். கேட்டவர் அடுத்த சுவரில் தட்டுவார். சந்துக்குப் பின்னால் பல்கலைக்கழகம் வந்தபின் மேஸ்திரி குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, வீடுகள் மாணவர்களுக்கு வாடகைக்குப் போயின. அக்காவின் இட்லி அவர்களை நம்பித்தான்.

நான் நான்காம் வீடு, அக்கா ஆறாவது. நடுவே ஐந்தாம் வீட்டில் பத்து நாள் முன்பு நெல்லூர்ப் பெண்கள் நால்வர் வந்திருந்தார்கள். அங்கே போர் மோட்டார் இருப்பதால் குழாய்த் தண்ணீர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

"விடியக்காலைல செவுத்துல தட்டறேனே, கேக்கலியாம்மா?"

கண்ணாடி போட்ட பெண் தயங்கினாள். "கேக்குது ஆன்ட்டி. சத்தமா படிக்கறோம்னு நீங்க திட்டறீங்கன்னு நெனச்சோம். உடனே லைட்ட அணைச்சிட்டு கம்முனு படுத்துக்குவோம்."

"அடிப்பாவிங்களா! நீங்க துன்ற இட்லிக்குத்தான்டி அந்தத் தண்ணி!" என்றார் அக்கா.

"அதான் ஒரு வாரமா இட்லியே கெடைக்கலயா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். எந்தச் சுவர், எத்தனை தட்டு என்று காட்டிக் கொடுத்தேன். அக்கா மட்டும், "பார்க்கலாம்" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் நான்கு நாற்பதுக்குக் குழாய் சீறியது. குடம் வைக்கும் முன்பே, முதல் வேலையாக மூன்று முறை தட்டினேன். ஐந்தாம் வீட்டில் ஓடும் காலடிகள். பிறகு மூன்றல்ல, ஏழெட்டுத் தட்டு. அதற்குமேல் அக்காவின் குரல்:

"செவுரு இடிஞ்சிடப் போவுதுடி, எழுந்துட்டேன்!"