வாலில் கட்டிய சிவப்புப் பட்டு

குதிரைக்குப் பின்னால் நிற்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் நின்றேன். நின்றது மட்டுமா? அதன் வாலையும் பிடித்தேன்.

காரணம் பயம். பயம் வந்தால் மனுஷர் பயத்தை விட்டு ஓடுவார்கள் என்று யார் சொன்னது?

என் மகள் பிருந்தாவுக்குப் பதினாலு வயது. நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் ஒரு குதிரை லாயம் இருக்கிறது. இரண்டு வருடமாக அங்கே சாணம் அள்ளி, தண்ணீர் சுமந்து, ஒரு குதிரையை வாரத்தில் மூன்று நாள் ஓட்டும் உரிமையைச் சம்பாதித்து வைத்திருக்கிறாள். குதிரையின் பெயர் தூர்டன். நோர்வே மொழியில் இடி! வேறு பெயரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அந்த இடிக்கும் என் மகளுக்கும் ஞாயிறன்று முதல் காட்டுச் சவாரி. போட்டி இல்லை, சும்மா சந்தோஷத்துக்குத்தான் என்றார்கள். ஆறு கிலோமீட்டர் காடு. வழியில் விழுந்த மரங்களைத் தாண்ட வேண்டும், ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். தூர்டன் அதுவரை லாயத்து வேலிக்கு வெளியே போய்ப் பழகியதில்லை. இதில் எங்கே சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

"நீர் போய் நில்லும், எனக்கு வேலை" என்றார் கணவர். கெட்டிக்காரர்.

முதல் நாள் கோயிலுக்குப் போய் மகள் பெயருக்கும் குதிரை பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். "நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்டார். "பிள்ளைக்கு ரோகிணி. மற்றவருக்குத் தெரியாது ஐயா" என்றேன். அம்மனுக்குச் சாத்திய சிவப்புப் பட்டில் ஒரு துண்டு கிழித்துத் தந்தார்.

காலையில் லாயக்காரப் பெண்மணி தன் ட்ரெய்லரில் குதிரையைக் கொண்டுவந்து இறக்கிக் கட்டிவிட்டு, வழிகாட்டியாக ஓடையருகே நிற்கப் போய்விட்டார். பிருந்தா மார்பில் கட்டும் இலக்கம் வாங்கப் போனாள். பதினேழு. என் பையைத் திறக்க என் கை நடுங்கியதைக் கண்டு, தானே திறந்து தன் கைத்தொலைபேசியையும் அதில் போட்டுவிட்டாள். காட்டில் அது அடித்தால் குதிரை மிரளுமாம். அப்படியென்றால் விழுந்தால் யாரைக் கூப்பிடுவாய்?

தூர்டனும் நானும் தனியே. அது மூக்கால் ஊதியது. சுற்றிலும் நாற்பது குதிரைகள். எத்தனை கண்கள்! நெற்றியில் கட்டினால் மகள் கழற்றி எறிவாள். அதனால் பக்கவாட்டாகப் போய், மூச்சை அடக்கிக்கொண்டு, வாலின் மேல்பக்கத்தில் அந்தப் பட்டுத் துண்டை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அம்மாளாச்சி, பிள்ளையை முழுசாகத் திருப்பித் தா.

திரும்பினால் பிருந்தா நிற்கிறாள்.

"என்னம்மா செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. ஈ கலைச்சனான்."

என்னையும் வாலையும் ஒருமுறை பார்த்தாள். "ஸ்லாப் அவ், அம்மா" என்றாள். பதறாதே என்பதற்கு இங்கத்தைய பிள்ளைகள் சொல்வது. சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

புதுக் குதிரையைத் தனியே விடுவதில்லை, பழகிய குதிரை ஒன்றின் பின்னால் அனுப்புவதுதான் வழக்கம் என்று லாயக்காரர் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் நான் வந்ததே. ஒரு மஞ்சள் முடிக்காரப் பெண் சிரித்துக்கொண்டு பிருந்தாவிடம் வந்தாள். சட்டென்று நின்றாள். ஏதோ முணுமுணுத்துவிட்டு விலகிப் போனாள். இன்னொருவர் தன் குதிரையை இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். கொஞ்ச நேரத்தில் என் பிள்ளையைச் சுற்றி ஒரு வெற்றிடம்.

எனக்குக் காது சூடாகியது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கடைசியாகத்தான் நிரம்பும். நோர்வேக்காரர் யார் பக்கத்திலும் கடைசியாகத்தான் உட்காருவார்கள் என்பது வேறு கதை. ஆனால் அப்போது அது நினைவுக்கு வருமா?

பதினேழு என்று கூப்பிட்டார்கள். பிருந்தா தனியே போனாள். காலைப் பனிமூட்டத்துக்குள் குதிரையின் பின்பக்கமும் அந்தச் சிவப்பும் தெரிந்தன. பிறகு மரங்கள் மட்டும்.

ஒரு மணித்தியாலத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்றார்கள். பதினெட்டு வந்தது. இருபது வந்தது. இருபத்தாறும் வந்து தேநீர் குடித்தது. பதினேழைக் காணவில்லை. கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைத் திறக்கவே இல்லை. காட்டுக்குள் ஒரு குதிரை கனைத்தது. விழுந்து கிடக்கிறாளா? கால் முறிந்து, கூப்பிட ஆளில்லாமல்...

மஞ்சள் அங்கி போட்ட பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். எனக்குத் தெரிந்த நோர்வே மொழி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "எங்கள் தோல் கறுப்பு என்றுதானே என் பிள்ளையோடு ஒருவரும் போகவில்லை? தனியே விட்டீர்களே!"

அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் குதிரை உதைக்குமல்லவா?"

"உதைக்காது! யார் சொன்னது?"

"வாலில் சிவப்பு கட்டியிருந்ததே. உதைக்கும் குதிரைக்குத்தான் அப்படிக் கட்டுவோம். பின்னால் வருகிறவர்கள் தள்ளி நிற்பதற்காக."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அதுக்கும் மேலே. பேயைக் கூப்பிட்டு, முடிச்சும் போட்டுவிட்டிருக்கிறேன். என் பிள்ளையைக் காட்டுக்குள் தனியே அனுப்பியது நான்தான்.

அவர் கோபிக்கவில்லை. வோக்கிடோக்கியில் ஓடையருகே கேட்டார். "இப்போதுதான் கடந்தாள், நலமாக இருக்கிறாள்" என்று லாயக்காரரின் குரல் வந்தது. குரலை நம்பலாமா? கண்ணால் காண வேண்டாமா?

கண்டேன். கடைசி ஆளாக, நடையில், முழங்கால் வரை நனைந்து, பல்லெல்லாம் தெரிய வந்தாள். வாலில் பட்டு அப்படியே இருந்தது.

"தண்ணியைக் கண்டவுடனை மாட்டன் எண்டு நிண்டிட்டான், அம்மா! நான் இறங்கி அவனோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான். மற்றாக்கள் எல்லாம் சுத்திப் போயிட்டினம், ஒருத்தரும் பின்னாலை வந்து நெருக்கேல்லை. பிறகு அவனே தண்ணியை மணந்து பாத்திட்டு இறங்கினான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பிள்ளை, அந்தச் சிவப்பு... அதாலைதான் ஒருத்தரும் உன்னோடை வரேல்லை."

"தெரியும்."

"தெரியுமோ? எப்ப?"

"ஏறேக்கையே. லாயத்திலை முதல் கிழமையே சொல்லித் தருவினம்."

"பிறகேன் கழட்டேல்லை?"

தூர்டனின் கழுத்தைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அதைக் கட்டினாப் பிறகுதானே அம்மா, உங்கடை கை நடுக்கம் நிண்டது."

பிள்ளையின் பயத்தைத் தாய் சுமக்கிறாள் என்று மேடைகளில் பேசுகிறோம். ஆறு கிலோமீட்டர் காடு முழுக்க என் பயத்தைச் சுமந்தது யார்?

பட்டை அவிழ்த்துக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது என் கைப்பைப் பிடியில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள் — உதைக்கிற ஆள் தூர்டன் இல்லை, நான்தான்!