ஆளுக்கொரு வாளி

அம்மா செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பதை முதலில் கண்டது தங்கச்சிதான். "அண்ணா, அம்மா எங்கயோ போக வெளிக்கிடுறா போல கிடக்கு," என்றாள் சிரித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்பா நோயில் போன பிறகு, துறைமுகப் பக்கத்து இந்த வாடகை வீட்டை விட்டு, கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர அம்மா எங்கும் போவதில்லை.

அந்த நாட்களில் என் தலை முழுக்க வேறு யோசனை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து பல்கலைக்கழக வளாகம் வரை போன முதல் ஆள் நான். சுற்றாடல் படித்து, வேலைக்கும் சேர்ந்திருந்தேன். கடல் சூடாவதையும் கரை அரிபடுவதையும் பாடமாகப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். வெட்கமாக இருந்தது. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களை என்னால் ஒன்றும் செய்ய ஏலாது, எங்கள் வீட்டையாவது திருத்தலாம் என்று தொடங்கினேன். பிரிட்ஜை நிறுத்தினேன். கேஸ் அடுப்பைத் துணியால் மூடிவிட்டு, வீணாய்ப் போகிற சிரட்டையை எரிக்கப் பின்வளவில் கல் வைத்தேன். பொழுதுபட்டால் நடு அறையில் ஒரே ஒரு பல்பு. குளிக்க ஆளுக்கொரு வாளி. அந்தத் தண்ணீரும் வாழைக்குப் போகவேண்டும்.

"அடுத்த கிழமை மூச்சு விடுறதையும் நிப்பாட்டச் சொல்லுவார் போல," என்றாள் தங்கச்சி. "அதிலயும் காபன் வருதாமெல்லோ."

"உன்ர மூச்சிலதான் கூட வருது. வாயை மூடினாக் குறையும்."

அம்மா இந்தக் கதையில் சேரவில்லை. "ஓம் தம்பி, ஏலும்," என்றார். "ஒரு வாளி காணும்."

ஒரு வாளிகூட அவருக்குத் தேவைப்படவில்லை. அரை வாளியில் குளித்துவிட்டு மிச்சத்தில் உடுப்பை அலசினார். முகம், கை, கால் எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். நான் வைத்த அடுப்புக் கற்களை, காற்றுக்கு மறைவாக வரும்படி காலாலேயே நகர்த்தித் திருப்பினார். சோறும் பருப்பும் ஒரே பானையில் வெந்தன. எனக்கு ஒரே பெருமை. வேலையிடத்தில், "எங்கட அம்மாவைப் பாக்கவேணும், ஒரு நாளிலயே பழகிட்டா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டன. பல்பு ஒன்றானதும் அம்மாவின் குரல் தணிந்துவிட்டது. பொழுதுபட்டால் காதுக்குள் சொல்வதுபோலத்தான் எல்லாம் சொன்னார். கொடியில் காய்ந்த உடுப்புகள் அலுமாரிக்குப் போகாமல் ஒரு தோள்பைக்குள் போயின. பிஸ்கட் டின்னில் அவலும் சீனியும் சேர்ந்தன. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் சொப்பிங் பைகளையெல்லாம் நான் ஒழித்தபோது ஒன்றை மட்டும் தர மறுத்துவிட்டார். எங்கள் மூவரின் அடையாள அட்டைகளையும் அதில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

"அலுமாரிக்குள்ள வைச்சா என்னம்மா?"

"இதுக்குள்ள இருந்தா நனையாது தம்பி."

வீட்டுக்குள் இருக்கிறது எப்படி நனையும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மழை மப்பான ஒரு மாலை. அம்மா ஒற்றைப் பல்பின் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து வாசலைப் பார்த்தபடி இருந்தார். தங்கச்சி போனை நோண்டிக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்குள் வந்த கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. நாங்கள் தலை நிமிர்த்தவில்லை, தினமும் கேட்கிற சத்தம்தானே. அம்மா எழும்பி பல்பை அணைத்தார். இருட்டில் பையைத் தோளில் போடும் சரசரப்புக் கேட்டது. பிறகு அந்தத் தணிந்த குரல், எனக்கு:

"தங்கச்சியைத் தூக்கு."

தங்கச்சிக்குப் பத்தொன்பது வயது.

"என்னைத் தூக்கினா அண்ணாவுக்கு நாரி முறியும்," என்று அவள் சிரிக்கத் தொடங்கினாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

"சத்தம் போடாத பிள்ளை. பின்வேலியால போவம்."

குடாவின் மறுகரையில் இருந்த எங்கள் பழைய வீட்டில், சண்டை ஊருக்குள் வந்த அன்று, இப்படியொரு கப்பல் ஊதியதும், இதே குரலில் இதையே சொன்னார். எனக்கு அப்போது ஏழு வயது. தங்கச்சி கைக்குழந்தை. அவள் என் தோளில் வடித்த எச்சிலின் சூடு அந்த இருட்டில் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு முகாம். தறப்பாளின் கீழே ஒரு குப்பி விளக்கு. பவுசர் வந்தால் குடும்பத்துக்கு ஒரு வாளித் தண்ணீர். மூன்று கல்லில் அம்மா மூட்டிய அடுப்பு. படித்துவிட்டு வந்து நான் வீட்டுக்குள் கட்டி எழுப்பியது அந்த முகாமைத்தான். விளக்கு, வாளி, கல் என்று ஒன்றுவிடாமல்.

சுவரைத் தடவிப் போய் எல்லா லைட்டையும் போட்டேன். குசினி, முன்வாசல், கக்கூஸ் எல்லாம். பிரிட்ஜையும் போட, அது உறுமத் தொடங்கியது. அம்மா பின்கதவில் கை வைத்தபடி நின்றார். ஒவ்வொரு வெளிச்சமாகப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவும் எரியுது?"

"நாங்கள் ஓரிடமும் போகேல்லை அம்மா."

அவர் தங்கச்சியை நெடுநேரம் பார்த்தார். "வளந்திட்டாள்," என்றார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. தங்கச்சிதான் போய் இறக்கினாள்.

இப்போதும் நான் ஒரு வாளியில்தான் குளிக்கிறேன். அது என்னோடு. குசினியில் தண்ணீர்ப் பரல் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், அம்மா இருக்கிற அறையில் எத்தனை பல்பும் எரியலாம். செருப்பு வாசலுக்குத் திரும்பிவிட்டது. அடையாள அட்டைப் பை இன்னும் அவர் இடுப்பில்தான்.

கப்பல் ஊதினால் அம்மா இப்போது அசைவதில்லை. நான்தான் தங்கச்சி எங்கே என்று தேடுகிறேன். அவளும் அதைக் கண்டுவிட்டாள்.

"தூக்கப் போறியோ?" என்று கேட்கிறாள். சிரிப்பதில்லை.